அம்மன் முகத்து வெடியுப்பு

சிறுசேரி ஐ.டி. பார்க்குல எனக்கு வேலைன்னு சொன்னா, எங்க காலனியில எல்லாரும் கம்ப்யூட்டர்னு நினைச்சுக்குவாங்க. நானும் ரொம்ப நாள் அதைத் திருத்தலை. வேலை அங்கதான், பொய்யில்ல. ஆனா கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள இல்ல. அதுக்குப் பின்னாடி, ஜெனரேட்டர் ரூமையும் தாண்டி, கழிவுநீரைச் சுத்தம் பண்ற இடத்துல. மேல ஏசியில உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரோட கக்கூஸ் தண்ணியும் எங்க தொட்டிக்குத்தான் வரணும். அதைச் சுத்தம் பண்றது மெஷின்னு நினைப்பாங்க. மெஷின் சும்மா கலக்கிவிடும், அவ்வளவுதான். சுத்தம் பண்றது பாக்டீரியா. நான் அதுங்களுக்குக் காவல். காலையில போனதும் தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணி, அதுங்க நல்லா இருக்குதா, பட்டினி கிடக்குதா, காத்து போதுமான்னு பார்ப்பேன். மைக்ரோபயாலஜி படிச்சவளுக்கு இதுவே போதும்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன்.

எங்க ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல இருக்கு. காலனி முனையில எங்க அம்மன் கோயில். பெருசா நினைச்சுக்காதீங்க. சிமென்ட் ஷீட் போட்ட ஒரு சின்ன அறை, உள்ள இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் பலகை, அதுல செதுக்கின அம்மன். பூசாரின்னு யாரும் கிடையாது. எங்கம்மாதான் கழுவும், மஞ்சள் பூசும், குங்குமம் வைக்கும், விளக்கேத்தும். அம்மாவுக்கு மறைமலைநகர்ல ஒரு கம்பெனி கேன்டீன்ல வேலை. கம்பெனி பஸ் வர்றதுக்குள்ள அம்மன் வேலையை முடிச்சுட்டுத்தான் ரோட்டுக்கு வரும்.

அந்த அம்மன் வேலை அம்மாவுக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். எங்கப்பா ரோட்டுல லாரி அடிச்சுப் போயிட்டாரு. காரியத்தன்னிக்குப் பொம்பளைங்க சுத்தி நின்னு, அம்மாவுக்குத் தலை நிறைய பூ வச்சு, நெத்தி நிறைய குங்குமம் வச்சு, அப்புறம் எல்லாத்தையும் அழிச்சாங்க. நான் அப்ப ஸ்கூல்ல படிச்சுகிட்டிருந்தேன். கதவு ஓரமா நின்னு பார்த்தேன். அதுக்கப்புறம் ஒரு கல்யாண வீட்டுலயும் அம்மா முன்னால நின்னதில்ல. யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பி எதிர்ல வந்தா தானாவே சந்துல ஒதுங்கிக்கும். எனக்குப் பத்திகிட்டு வரும். "ஏம்மா ஒதுங்கற, ரோடு இன்னா அவங்க அப்பன் வூட்டுதா?"ன்னு கத்துவேன். அம்மா காதுலயே போட்டுக்காது. "அம்மன் ஒருத்திதான்டி என்ன வராதன்னு சொல்லல"ன்னு மட்டும் சொல்லும். காலையில அவ முன்னாடி நின்னு அம்மா பேசிகிட்டே இருக்கும். கேஸ் தீர்ந்து போனது, சூப்பர்வைசர் திட்டினது, என் கல்யாணம் தட்டிப் போனது, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அந்த அம்மன் முகத்துலதான் உப்பு பூத்துகிட்டு இருந்துச்சு. எனக்கு விவரம் தெரிஞ்சதுலேர்ந்து வெள்ளையா ஒரு படலம். மழைக்காலத்துல அடங்கும், வெயில் வந்தா மறுபடி பூக்கும். வர வர கெட்டியாயிடுச்சு. தொட்டா பொறுக்கு உதிரும், அதோட கல்லும் பொடியா உதிரும். மூக்கு எது, வாய் எதுன்னு தெரியாது. தகடுல செஞ்ச கண்மலர் ரெண்டை மெழுகு வச்சு ஒட்டி, அதை வச்சுத்தான் முகம்னு கண்டுபிடிப்போம். கடல் காத்துல அப்படித்தான் ஆகும்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன்.

கும்பாபிஷேகம் பண்ணலாம்னு பேச்சு வந்தப்பதான் வினை வந்துச்சு. கோயில் கமிட்டிக்குத் தலைவர் எங்க மாமா, அம்மாவோட தம்பி, லோடு வண்டி ஓட்டறாரு. ஒருநாள் வீட்டுக்கு வந்து, காபியைக் கூட குடிக்காம ஆரம்பிச்சாரு.

"யக்கா, மகாபலிபுரத்துல புது அம்மனுக்குச் சொல்லிட்டோம். இதுக்கு மூஞ்சியே இல்ல. பின்னமான சாமிய வெச்சிகினு கும்பாபிஷேகம் பண்ணா ஊருக்கு ஆவாது."

"அப்ப இவள இன்னாடா பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது? குப்பத்துல ஒரு போட்டு பேசிகீறோம். கடலு ஆழத்துல கொண்டுபோயி வுட்டுட வேண்டியதுதான். முறையாத்தான்கா பண்ணுவோம்."

மாமா போனதுக்கப்புறம் அம்மா அரிசி களைஞ்சுகிட்டே இருந்துச்சு. தண்ணி தெளிஞ்ச பின்னாடியும் களைஞ்சுகிட்டே இருந்துச்சு. அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டுச்சு: "அவளையும் தண்ணில போட்டுட்டா, நா யாராண்டடி பேசுவேன்?"

எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். ஆனா எங்கம்மா மனுஷங்ககிட்ட எதையும் கேட்டு அதுவரைக்கும் நான் பார்த்ததே இல்ல.

மறுநாள் லீவு போட்டேன். கோயிலுக்குள்ள உட்கார்ந்து அந்த உப்பையே முறைச்சுப் பார்த்துகிட்டிருந்தேன். அப்பதான் உறைச்சுது. கடல் காத்துன்னா சுவத்துலயும் மேலேர்ந்து கீழ வரைக்கும் உப்பு இருக்கணுமே? மேல ஒண்ணுமே இல்ல. தரையிலேர்ந்து ஈரம் ஏறி வந்து, அம்மன் முகத்தோட நின்னுருக்கு. ஈரம் எங்க காயுதோ அங்க உப்பு. அப்ப இது கடல்லேர்ந்து வந்ததில்ல, மண்ணுலேர்ந்து வந்தது. கைப்பையில எப்பவும் எங்க டெஸ்ட் பட்டை இருக்கும். தண்ணியில நைட்ரேட் இருந்தா சிவக்கிற காகிதம். ஒரு பொறுக்கை வாட்டர் பாட்டில் மூடியில கரைச்சு, பட்டையை நனைச்சேன். தாழம்பூக் குங்குமம் கணக்கா சிவந்துச்சு. எங்க தொட்டியில கூட அவ்வளவு சிவந்து நான் பார்த்ததில்ல.

சாயங்காலம் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஓடிப்போய்க் கேட்டேன்: "கோயில் பின்னாடி முன்ன இன்னா இருந்துச்சு?"

"எருக்குழிதான். அதுக்கும் முன்னாடி சொவுரே கிடையாது. ஆண்டை வூட்டு மாடெல்லாம் அவ பக்கத்துலதான் கட்டுவாங்க. நாங்கதான ஓட்டியாந்து கட்டுவோம்."

அவ்வளவுதான், கதை புரிஞ்சுபோச்சு. காலம் காலமா மாட்டு மூத்திரமும் சாணியும் மண்ணுல இறங்கி நைட்ரேட்டா, அதாவது வெடியுப்பா மாறி, கல்லு வழியா ஏறி, அம்மன் முகத்துல வந்து உட்கார்ந்திருக்கு. பட்டாசுல போடற அதே வெடியுப்பு. அதை மாமாகிட்ட சொன்னப்ப அவர் பயந்தே போயிட்டாரு.

"இன்னா பாப்பா சொல்ற? அப்ப சூடம் காட்டுனா வெடிச்சிடுமா?"

"உன் வாயில வச்சாத்தான் மாமா வெடிக்கும். அம்மனுக்கு ஒண்ணும் ஆவாது."

எனக்குள்ள ஓடினது வேற. நைட்ரேட்டைத் தீர்க்கிறதுதானே எங்க தொட்டி பாக்டீரியாவோட பொழைப்பு? என்கூடப் படிச்ச ஒருத்தி சென்னையில ஒரு லேப்ல இருக்கா. பழைய கல்லு, சுவரு இதுலேர்ந்து உப்பை எடுக்க பாக்டீரியாவைப் பழக்கறாங்கன்னு முன்னாடி சொல்லியிருந்தா. ஃபோன் பண்ணி அழாத குறையா சொன்னேன். அவ பொறுக்கை வாங்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு, "முக்காவாசி நைட்ரேட்தான்டி, பண்ணலாம். கொஞ்சம் கடலுப்பும் கலந்திருக்கு, அதை அதுங்க தொடாது. அதைக் காகிதக் கூழ் போட்டு உறிஞ்சிக்கலாம்"னா. மாமா புதுச் சிலை வந்து சேர்ற வரைக்கும் டைம் குடுத்தாரு. "அதுக்குள்ள மூஞ்சி வந்தா பாக்கலாம். இல்லன்னா கடலுதான். அப்பறம் என்னாண்ட அழக்கூடாது."

அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "உன் கக்கூஸ் தொட்டியிலர்ந்தா எடுத்தாருவ?"

"இல்லம்மா. இது லேப்ல தனியா, சுத்தமா வளர்த்தது. ஆனா அதுங்களுக்குச் சொந்தக்காரங்கதான்."

அம்மா கொஞ்சம் யோசிச்சு, "சரி போ. உங்கப்பன் சொந்தத்துலயும் நல்லவங்க ரெண்டு பேரு இருந்தாங்களே"ன்னுச்சு.

சிநேகிதி ஐஸ் பெட்டியோட வந்தா. ரம்ஜான் நோன்பு சமயத்துல கடல்பாசி ஜெல்லி பண்ணுவாங்களே, அதே கடல்பாசியைக் காய்ச்சி, ஆறினதும் அந்தக் கூழ்ல பாக்டீரியாவைக் கலந்து, முதல்ல ஒரு கன்னத்துல மட்டும் அப்பினோம். காத்து புகாம, காயாம இருக்க மேல பிளாஸ்டிக் தாளை ஒட்டினோம். மறுநாள் எடுத்துப் பார்த்தா ஒரு மாத்தமும் இல்ல. பட்டை அப்படியே சிவந்துச்சு. கூழை அவ கொண்டுவந்த மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பார்த்தா ஒண்ணு கூட அசையலை. எல்லாம் செத்துப் போயிருந்துச்சு. எனக்கு ஆத்திரம் தாங்கலை. வெயில்ல பெட்டியை வச்சிட்ட, கலவை தப்புன்னு அவகிட்ட எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவ கூழைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினா. மஞ்ச மஞ்சேர்னு இருந்துச்சு.

"அம்மா, நாங்க வர்றதுக்கு முன்னாடி அம்மனுக்கு எதுனா பூசினியா?"

"பூசாம? வெளியூரு பொண்ணு வருது, மூஞ்சிய அப்படியேவா காட்டறது? வேப்பெலையும் மஞ்சளும் வெச்சி அரைச்சி, நல்லா அழுந்தத் தேச்சிதான் கழுவுனேன்."

சிநேகிதி தலையில கை வச்சுகிட்டு உட்கார்ந்துட்டா. கிருமியைக் கொல்லத்தானே நாம மஞ்சளும் வேப்பிலையும் பூசறோம்? பாக்டீரியாவை விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, வாசல்லயே விஷம் வச்சிருக்கோம். மஞ்சள் கறையை நாங்களும்தான் பார்த்தோம். அம்மன்னா மஞ்சள் இருக்கும்னு கண்டுக்காம விட்டுட்டோம். முதல்ல அவ சிரிச்சா, அப்புறம் நான், அப்புறம் எதுக்குன்னே தெரியாம அம்மாவும் சிரிச்சுச்சு.

ஆனா அடுத்து சொல்ல வேண்டியது சிரிப்பில்ல. கல்லுக்குள்ள ஊறின மஞ்சள் போற வரைக்கும் வெறும் தண்ணியிலதான் கழுவணும். வேலை முடியற வரைக்கும் மஞ்சள், குங்குமம், வேப்பிலை, பூ எதுவும் அம்மன் மேல படக்கூடாது. நான் சாதாரணமாத்தான் சொன்னேன். அம்மா முகம் மாறிடுச்சு.

"குங்குமமும் வெக்கக் கூடாதா?"

"எதுவுமே கூடாதும்மா. கொஞ்ச நாளைக்குத்தான்."

"எனக்குத்தான் அழிச்சாங்க. அவளுக்கும் அழிக்கச் சொல்றியா? அதயும் என் கையாலயேவா?"

டெஸ்ட் பண்ணத் தெரியும், தொட்டியைக் காப்பாத்தத் தெரியும், இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. "அப்ப விட்டுடலாம்மா, புதுசே வரட்டும்"னு முனகினேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துச்சே, அதை இன்னைக்கு நினைச்சாலும் கூசும். எழுந்து கோயிலுக்குப் போச்சு. நான் பின்னாலயே போனேன்.

அம்மன்கிட்ட என்னமோ மெல்லச் சொல்லிச்சு, எனக்குக் கேக்கலை. அப்புறம் ஒரு குடம் தண்ணியை எடுத்து, கையாலயே நெத்தியைத் தேச்சு அழிச்சுச்சு. மெதுவா, கைக்குழந்தைக்கு முகம் கழுவற பதத்துல. சிவப்பா ஓடின தண்ணி தெளிவா ஓடற வரைக்கும் ஊத்திச்சு. அப்புறம் பீரோவுல மடிச்சு வச்சிருந்த தன்னோட புதுப் புடவையை எடுத்துட்டு வந்து, அம்மன் முன்னாடி திரையா கட்டிச்சு.

"என்ன எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. இவள ஒருத்தரும் பாக்க வேணா."

வாசல்லயே பாயைப் போட்டு உட்கார்ந்துகிச்சு. கும்பிட வந்தவங்களை எல்லாம் வெளியவே நிக்க வச்சு, "அவ தூங்கினு கீறா, அப்பறம் வா"ன்னு திருப்பி அனுப்பிச்சு. கமிட்டித் தலைவர் மாமாவையே உள்ள விடலை. "யக்கா, நா தலைவருக்கா"ன்னாரு. "தலைவருன்னா வெளிய நின்னு தலைமை தாங்கு"ன்னுச்சு. கேன்டீனுக்குப் போற நாள்ல பூட்டு போட்டுச் சாவியை இடுப்புல சொருகிகிட்டுப் போச்சு.

சிநேகிதி மறுபடி வந்தா. இந்தத் தடவை முழு முகத்துக்கும் அப்பினோம். மறுநாள் காலையில திரையை விலக்கி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பிளாஸ்டிக் தாளுக்கு அடியில, கூழ் முழுக்க குட்டிக் குட்டியா குமிழ். இட்லி மாவு பொங்கினா ஓரத்துல தெரியுமே, அந்த மாதிரி. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

அது என்ன குமிழ்னு எனக்குத் தெரியும். தினம் எங்க தொட்டியில பார்க்கிறதுதான். காத்து இல்லாத இடத்துல இந்தப் பாக்டீரியா சாகறதில்ல. நாம காத்தை இழுத்து மூச்சு விடற இடத்துல, அதுங்க இந்த உப்பை இழுத்து மூச்சு விடும். விட்ட மூச்சு நைட்ரஜன். நாம சுத்தி நின்னு சுவாசிக்கிற காத்துல முக்காவாசிக்கு மேல அதுதான். பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். ஆனா அந்தக் காலையிலதான் அது என் மண்டைக்குள்ள இறங்குச்சு. எந்தக் காலத்துலயோ ஆண்டை வீட்டு மாடு மேஞ்ச புல்லு, அது விட்ட மூத்திரம், எங்க சனம் வாரிக் கொட்டின எரு, எல்லாம் மண்ணுக்குள்ள போயி, உப்பாகி, கல்லைத் தின்னு, இன்னைக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிருங்க மூச்சுல வெறும் காத்தா போய்கிட்டிருக்கு. ஒரு சத்தமில்ல, ஒரு நாத்தமில்ல. அடேங்கப்பா! இதுங்களையா நான் இத்தனை வருஷமா 'சம்பளம் வாங்காத ஸ்டாஃப்'னு கிண்டல் பண்ணிகிட்டு இருந்தேன்? எனக்கு அங்கேயே விழுந்து கும்பிடணும்னு இருந்துச்சு. அம்மனையா, குமிழையா, எனக்கே தெளிவா தெரியலை.

"இன்னாடி அழுவற?"ன்னு வாசல்லேர்ந்து அம்மா குரல் குடுத்துச்சு.

"மூச்சு விடுதும்மா"ன்னேன்.

அம்மாவுக்கு அதுல ஆச்சரியமே இல்ல. "அவ எப்ப வுடல?"ன்னுச்சு.

கூழை உரிச்சுப் பட்டையை வச்சா, சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகியிருந்துச்சு. அதுக்கப்புறம் வந்த சனிக்கிழமையெல்லாம் அப்பறதும் உரிக்கிறதுமா போச்சு. நடுவுல கடலுப்புக்குக் காகிதக் கூழ். ஒவ்வொரு தடவையும் பட்டை இன்னும் கொஞ்சம் வெளுக்கும், முகம் இன்னும் கொஞ்சம் வெளிய வரும். முதல்ல மூக்கு வந்துச்சு, ஒரு ஓரம் கூட உடையாம. அப்புறம் உதடு. லேசா சிரிக்கிறாளா, கோவமா இருக்காளான்னு சொல்ல முடியாத உதடு. கன்னத்துல மட்டும் கல்லு உதிர்ந்த இடம் குழி குழியா இருந்துச்சு. கண்மலருக்கு அடியில அவளோட சொந்தக் கண்ணு இருந்துச்சு, திறந்த கண்ணு. இத்தனை காலமும் உப்புக்குப் பின்னாடியிருந்து எங்களையே பார்த்துகிட்டு இருந்திருக்கா.

கடைசிக் கூழை உரிக்கிறப்ப மாமாவும் வந்தாரு. புதுச் சிலை தயார்னு பட்டறையிலேர்ந்து ஃபோன் வந்திருந்துச்சு. அம்மா அவரை அன்னைக்குத்தான் உள்ள விட்டுச்சு. சிநேகிதி நெத்தியில இருந்த பாசியை எடுத்துட்டு, மெல்லிசு பிரஷ்ஷால நல்ல தண்ணியைத் தொட்டுத் தொட்டுக் கழுவினா. நெத்தி நடுவுல அடைச்சிருந்த கடைசி வெள்ளை கரைஞ்சு வழிஞ்சுச்சு. அங்க வட்டமா, வழவழன்னு, சுண்டுவிரல் நுனி பதியிற அளவுக்கு ஒரு பள்ளம். உதிர்ந்ததில்ல. உளியால செதுக்கினது. பொட்டு.

மாமா செருப்பு போட்டிருக்கமேன்னு திடீர்னு ஞாபகம் வந்து, வெளிய ஓடிக் கழட்டிட்டு வந்தாரு. கன்னத்தைக் கிட்ட குனிஞ்சு பார்த்தாரு. "பின்னம் எங்க கீது? அம்மைத் தழும்புதான்கா இது"ன்னாரு. குரல் கம்மிப் போயிருந்துச்சு. "போட்டுக்காரனுக்கு வேணான்னு சொல்லிட்றேன். புதுசு வெளிய எல்லையில நிக்கட்டும். ஊருக்கு ரெண்டு பேரு காவல் இருந்தா இன்னா இப்ப?"

அம்மா கிட்ட போச்சு. அந்தப் பள்ளத்துல சுண்டுவிரலை வச்சுப் பார்த்துச்சு. கொஞ்ச நேரம் எடுக்கவே இல்ல.

"அடியே"ன்னு அம்மன்கிட்டதான் சொல்லுச்சு, "நா அழிச்சிட்டேன்னு நெனச்சி தெனம் அழுதுகினு இருந்தேனே. உன்னுது எவ அழிச்சாலும் போவாதா?"

கும்பாபிஷேகம் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப மஞ்சளும் குங்குமமும் அம்மனுக்கு முன்னாடி ஒரு தட்டுலதான். முகத்துல பூச அம்மாவே யாரையும் விடறதில்ல. பின்னாடி மண்ணைத் தோண்டி எடுத்துட்டு ஜல்லி கொட்டி, ஈரம் ஏறாம பண்ணிட்டோம். மாசத்துக்கு ஒரு தடவை நான் பட்டை வச்சுப் பார்க்கிறேன்.

கும்பாபிஷேகத்துக்கு அடுத்த திங்கக்கிழமை சிறுசேரிக்குக் கிளம்பி நானும் அம்மாவோட ரோட்டுக்கு வந்தேன். ஒரு கல்யாணக் கோஷ்டி வேன் ஏற வந்துகிட்டிருந்துச்சு, பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமா. வழக்கம்போல அம்மா சந்துல ஒதுங்கும்னு நான் பல்லைக் கடிச்சுகிட்டு நின்னேன். அம்மா நகரலை. திரும்பி முகத்தைப் பார்த்தேன். நெத்தியில பொடிசா, சிவப்பா, ஒரு பொட்டு.

நான் பார்க்கிறதைப் பார்த்துட்டு அம்மா பையைத் தோள்ல மாத்திப் போட்டுகிச்சு.

"இன்னா பாக்கற? பஸ்ஸு வந்துகினு கீது பாரு, கைய காட்டு."